சீ மொழியின் கதை – 9: இடமும் ஆயுளும்

1970 ஆம் ஆண்டு, நியூ ஜேர்சியின் மறே ஹில்லிலுள்ள பெல் ஆய்வுகூடத்துக்கு ஒரு புதிய இயந்திரம் வந்து இறங்கியது. டிஜிட்டல் நிறுவனம் விற்ற முதற்சில பீடிபி-11 இயந்திரங்களில் ஒன்று அது. அங்கே பணியாற்றிய கென் தொம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் பழைய பீடிபி-7 இல் பட்ட பாட்டைச் சென்ற இதழில் பார்த்தோம். புதியதிலும் நினைவகம் 24 கிலோபைற்றுத்தான். அதில் 12 கிலோபைற்றை யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையே எடுத்துக்கொண்டது. பயனரின் செய்நிரலுக்கு ஒரு சிறு துண்டு கிடைத்தது. மீதியை வட்டாகப் பாவித்தார்கள். உண்மையான வட்டு வந்து சேர மூன்று மாதம் பிடித்தது. அதுவரை இயந்திரம் சும்மா இருக்கவில்லை. பல அளவுச் சதுரங்கப் பலகைகளில் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வழிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இன்று அக்கரைப்பற்றுக் கடையொன்றில் வாங்கும் 4 கிகாபைற்று கையடக்கத் தொலைபேசியின் நினைவகம் அதைப்போல ஒன்றேமுக்கால் இலட்சம் மடங்கு. நீங்கள் வாசிக்கும் இந்த ஓர் அத்தியாயத்தை யுனிகோட்டில் சேமித்து அந்தப் பீடிபி-11 க்குள் வைக்கப் பார்த்தால் பாதிகூட அடங்காது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த இதழின் கதையை வாசிக்க வேண்டும்.

எந்தச் செய்நிரலிலும் ஒவ்வொரு மாறியைப் பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு. அது நினைவகத்தில் எங்கே இருக்கும்? எவ்வளவு காலம் இருக்கும்? பெரும்பாலான மொழிகள் இந்தக் கேள்விகளைச் செய்நிரலாளரின் கண்ணுக்குக் காட்டாமலே தாமே தீர்த்துக்கொள்கின்றன. சீ மொழி அவற்றை நம் கையில் தந்தது. ஓட்டோ, ஸ்டற்றிக், எக்ஸ்டேர்ன், ரெஜிஸ்டர் என்ற நான்கு சொற்களும், மலொக் என்ற ஒரு நூலகச் சார்பும் அந்தக் கையளிப்பின் அடையாளங்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இவற்றைச் ‘சேமிப்பு வகுப்புகள்’ என்ற தலைப்பில் நான்கு நிரல் கொண்ட அட்டவணையாக மனனம் செய்கிறார்கள். அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு பற்றாக்குறையும் ஒரு வாதமும் இருக்கின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

கொஞ்சம் பின்னே போவோம். 1957 இல் ஜோன் பக்கஸின் குழு ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஃபோட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரந்தர முகவரி. செய்நிரல் ஓடத் தொடங்கு முன்பே யார் எங்கே இருப்பது என்பது முடிவாகிவிடும். ஓடி முடியும்வரை அது மாறாது. இதில் வேகம் உண்டு, எளிமையும் உண்டு. ஆனால் ஒரு சார்பு தன்னைத் தானே அழைக்க முடியாது. அதன் மாறிகளுக்கு இருப்பது ஒரேயோர் இடம். இரண்டாம் அழைப்பு வந்தால் முதல் அழைப்பின் பெறுமானங்கள் அழிந்துவிடும்.

1960 ஜனவரியில் பாரிஸில் கூடிய 13 பேர் வகுத்த அல்கோல் 60 இந்தத் தடையை நீக்கியது. ஒரு சார்பு தன்னைத் தானே எத்தனை தரமும் அழைக்கலாம். அப்படியானால் ஒவ்வோர் அழைப்புக்கும் மாறிகள் புதிதாகப் பிறக்க வேண்டும், அழைப்பு முடியும்போது மறைய வேண்டும். கடைசியாகப் பிறந்தது முதலில் மறையும். இதற்குப் பொருத்தமான அமைப்பு அடுக்கு. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவும் யாப் சொன்னவெல்டும் அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அம்ஸ்டர்டாமில் எக்ஸ்1 இயந்திரத்துக்கு எழுதி முடித்த தொகுப்பான் இந்த அடுக்கை வைத்தே இயங்கியது. அதற்கு முன்னரே, 1957 இல், மியூனிக்கில் பிரீட்ரிக் பவரும் கிளவுஸ் ஸமெல்சனும் அடுக்கு முறைக்குக் காப்புரிமை கோரியிருந்தார்கள். அலன் டியூரிங் இன்னும் முந்தியவர். தம் ஏஸ் இயந்திரத் திட்ட அறிக்கையில், துணைச்செய்நிரலுக்குப் போகும்போது திரும்பவேண்டிய முகவரியைப் புதைக்கவும் திரும்பும்போது தோண்டியெடுக்கவும் கட்டளைகளை 1940களின் நடுவிலேயே முன்மொழிந்துவிட்டார்.

அல்கோல்காரர்களுக்கு உடனே இன்னொரு சிக்கல் தெரிந்தது. அழைப்பு முடிந்தவுடன் எல்லா மாறியும் மறைந்தால், ஒரு சார்பு தன் பழைய பெறுமானத்தை நினைவில் வைத்திருக்க வழியில்லை. எழுந்தமான எண்களைத் தரும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை எந்த எண்ணில் நின்றது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக ‘ஓன்’ என்ற அடைமொழியைச் சேர்த்தார்கள். அப்படி அறிவித்த மாறி அழைப்புகளுக்கு இடையிலும் பெறுமானத்தைக் காக்கும். யோசனை நல்லது. அறிக்கை அதைத் தெளிவாக வரையறுக்காததால் தொகுப்பான் எழுதியவர்கள் பலவிதமாக விளங்கிக்கொண்டார்கள். சீ மொழியில் ஒரு சார்புக்குள் எழுதும் ஸ்டற்றிக் மாறி இந்த ‘ஓன்’ மாறியின் வழித்தோன்றல்தான்.

பின்னர் 1960களின் நடுவில் ஐபிஎம் பீஎல்-ஒன் மொழியைக் கொண்டுவந்தது. மாறிகளின் ஆயுளை வகுப்புகளாகப் பிரித்து ஸ்டற்றிக், ஓட்டோமற்றிக், கொன்ட்ரோல்ட், பேஸ்ட் என்று வெளிப்படையாகப் பெயரிட்டது அம்மொழி. தொம்ஸனும் ரிச்சியும் உழைத்த மல்டிக்ஸ் என்ற பணிசெயல் முறைமை எழுதப்பட்டது பீஎல்-ஒன்னில்தான். 1969 இல் பெல் ஆய்வுகூடம் மல்டிக்ஸிலிருந்து விலகியபோது அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. இந்தச் சிந்தனைகளும் அவர்களோடு வந்தன.

தொம்ஸன் எழுதிய பீ மொழியில் தரவு வகை என்று எதுவும் கிடையாது. கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வடித்த பீசீபீஎல் மொழியைச் சுருக்கி அவர் அமைத்த மொழி அது. நினைவகம் முழுவதும் ஒரே அளவுப் பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டியிலும் எண் இருக்கலாம், எழுத்து இருக்கலாம், இன்னொரு பெட்டியின் இலக்கமும் இருக்கலாம். வகை இல்லாத மொழியில் ஒரு மாறியை எந்தச் சொல்லால் அறிவிப்பது? அதன் இருப்பிடத்தைச் சொல்லித்தான். சார்புக்குள் பிறந்து மறைவதென்றால் ஓட்டோ. வெளியே எங்கோ இருப்பதென்றால் எக்ஸ்டேர்ன். பீ மொழியில் ஒவ்வோர் உள்மாறியும் ஓட்டோ என்ற சொல்லோடுதான் தொடங்கியது.

பீடிபி-11 வந்ததும் இந்த எளிமை இடித்தது. பழைய இயந்திரம் சொல் சொல்லாக முகவரியிட்டது. புதியது பைற்று பைற்றாக. எழுத்துகளைக் கையாளும்போதெல்லாம் பொதி பிரிப்பதும் கட்டுவதுமாக நேரம் போனது. சுட்டிகளைப் பாவிக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டி இலக்கத்தைப் பைற்று முகவரியாக மாற்ற வேண்டியிருந்தது. 1971 இல் ரிச்சி பீ மொழிக்கு வகைகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1973 இன் ஆரம்பத்தில் இன்று நாம் அறியும் சீயின் சாரம் முடிந்துவிட்டது; அதே ஆண்டு கோடையில் யுனிக்ஸின் கருவையே சீயில் திருப்பி எழுதினார்கள். மாறியை அறிவிக்க ‘இன்ட்’, ‘சார்’ என்ற வகைச் சொற்கள் வந்துவிட்டதால், சீ பிறந்த நாளிலேயே ஓட்டோ தேவையற்றதாகிவிட்டது. இருந்தும் பீ மொழியின் மிச்சமாக அது மொழிக்குள் தங்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, சீ23 நியமத்தில், வகையைத் தொகுப்பானே ஊகித்துக்கொள்ளட்டும் என்பதற்கான சொல்லாக அதற்கு மறுவாழ்வு கிடைத்தது.

ஓட்டோ மாறியின் வாழ்க்கையை விளங்க நம் பக்கத்து வயலுக்குப் போனால் போதும். சாகாமக் குளத்தின் கீழ் வேளாண்மை செய்பவர்கள் விதைப்போடு ஒரு வாடி கட்டுவார்கள். அறுவடை முடியப் பிரித்துவிடுவார்கள். அடுத்த போகத்தில் அதே மேட்டில் வேறொருவரின் வாடி எழும். சார்பு அழைக்கப்படும்போது அடுக்கில் அதன் மாறிகளுக்கு இடம் ஒதுக்கப்படுவதும், சார்பு திரும்பும்போது அந்த இடம் அடுத்த அழைப்புக்குப் போவதும் இப்படித்தான். இப்போது ஒருவர் தம் வாடிக்குப் போகும் வழியை எழுதி உறவினரிடம் கொடுத்துவிட்டு, வாடியையும் பிரித்துவிட்டார் என்று வையுங்கள். உறவினர் போகும்போது அங்கே முன்பின் அறியாத ஒருவர் படுத்திருப்பார். சில வேளை யாரும் வந்திருக்க மாட்டார்கள், பழைய கம்புகளும் கிடுகும் அப்படியே கிடக்கும். எல்லாம் சரிதானே என்று அவர் நம்பிவிடுவார். சார்புக்குள் பிறந்த மாறியின் முகவரியைச் சார்புக்கு வெளியே அனுப்பும் செய்நிரல் இப்படித்தான் ஏமாற்றும். பரிசோதிக்கும்போது சரியான விடை தரும். வேறொரு நாள், வேறோர் அழைப்புக்குப் பிறகு, குப்பை தரும். சீயில் நான் அதிகம் அஞ்சும் பிழை இதுதான். உடனே உடையும் பிழையைத் திருத்தலாம். ஓடுகிற பிழையை முதலில் நம்பவைக்கவே பாடுபட வேண்டும்.

ஓட்டோ மாறிக்குத் தொடக்கப் பெறுமானம் கிடையாது. முன்பு அங்கே இருந்த அழைப்பு விட்டுச் சென்றதே அதற்குள் இருக்கும். ஸ்டற்றிக் மாறியோ பூச்சியத்தில் தொடங்கும். மாணவர்கள் இதைத் தனித்தனி விதிகளாகப் படிக்கிறார்கள், காரணம் ஒன்றுதான். ஒவ்வோர் அழைப்பிலும் அடுக்கைத் துடைப்பதென்றால் ஒவ்வோர் அழைப்புக்கும் நேரச் செலவு. ஸ்டற்றிக் மாறிகளைச் செய்நிரல் தொடங்கும்போது ஒரே தடவை துடைத்தால் போதும். அப்படிப் பூச்சியத்தில் தொடங்குபவற்றுக்குக் கோப்பிலும் இடம் தேவையில்லை. எவ்வளவு இடம் வேண்டும் என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்தால் போதும். ஓடும்போது முறைமை அந்த இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பித் தரும். இந்தப் பகுதியை இன்றும் பீஎஸ்எஸ் என்கிறார்கள். அந்தப் பெயர் 1950களில் ஐபிஎம் 704 க்கு எழுதப்பட்ட ஒன்றுசேர்ப்பான் மொழியிலிருந்து வந்தது.

ஸ்டற்றிக் விடயத்தில் ரிச்சியோடு எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. சார்புக்குள் எழுதினால் அந்தச் சொல் ஆயுளைப் பற்றிப் பேசுகிறது: இந்த மாறி மறையாது. சார்புக்கு வெளியே எழுதினால் அது ஆயுளைப் பற்றிப் பேசவே இல்லை. வெளி மாறிகள் எப்படியும் கடைசிவரை இருப்பவை. அங்கே அது சொல்வது, இந்தப் பெயர் இந்தக் கோப்பைத் தாண்டித் தெரியக்கூடாது என்பது. இரண்டு வேறு கருத்துகளுக்கு ஒரே சொல். புதிய ஒதுக்குச் சொல்லொன்றைச் சேர்த்தால் ஏற்கெனவே அதை மாறிப் பெயராக வைத்திருப்பவர்களின் செய்நிரல்கள் உடையும் என்பது உண்மை. இருந்தாலும் அந்தச் சிக்கனத்துக்கான விலையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கட்டுகிறார்கள்.

ரெஜிஸ்டருக்கு அதிகம் நிற்கத் தேவையில்லை. பீடிபி-11 இல் எட்டுப் பதிவகங்கள். முகவரிக்கும் அடுக்குக்கும் கணிப்புக்கும் போக, ரிச்சியின் தொகுப்பான் செய்நிரலாளருக்கென மூன்றை ஒதுக்கியது. அடிக்கடி பாவிக்கும் மாறியை அங்கே வை என்று கேட்டுக்கொள்ளும் சொல் அது. இன்றைய தொகுப்பான்கள் அந்த வேலையை மனிதரை விடச் சிறப்பாகச் செய்கின்றன. சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அளவு முன்கூட்டியே தெரிய வேண்டும். எத்தனை பெயர் வரும், ஒரு வரி எவ்வளவு நீளும் என்று தெரியாத செய்நிரலுக்கு என்ன வழி? அதற்கு மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். கேட்கும்போது கேட்ட அளவில் கிடைத்து, வேண்டாம் என்று சொல்லும்வரை நிலைக்கும் இடம். அதைக் குவியல் என்கிறோம். யுனிக்ஸின் 1971 ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே ஒரு செய்நிரல் தன் தரவுப் பகுதியின் எல்லையை மேலே நகர்த்தும்படி கருவைக் கேட்க முடிந்தது. ஆனால் கரு தருவது ஒரு வெற்று நிலம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, திரும்பி வருபவற்றைச் சேர்த்துக் கணக்கு வைக்கும் வேலை சீ மொழிக்குள் இல்லை; அதற்கு வெளியே, நூலகத்தில் இருந்தது. இது முக்கியமான தீர்மானம். ஒதுக்கீட்டுக்கு மொழியில் தனிச் சொல் கிடையாது. யார் வேண்டுமானாலும் தமக்கேற்ற ஒதுக்கீட்டாளரை எழுதிக்கொள்ளலாம்.

1978 இல் பிரையன் கேர்ணிகனும் ரிச்சியும் எழுதிய ‘த சீ புரோகிராமிங் லாங்குவேஜ்’ வெளியானது. நம் கரையில் அந்த ஆண்டைச் சூறாவளி ஆண்டு என்றுதான் பெரியவர்கள் இன்றும் குறிப்பிடுவார்கள்; நவம்பர் 23 இரவு மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரைவரை கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் அது வாரிக்கொண்டு போனது. அந்தப் புத்தகத்தின் எட்டாம் அத்தியாயம் ஒதுக்கீட்டாளரை எப்படி எழுதுவது என்று முழுச் செய்நிரலாகவே காட்டியது. அப்போது அதன் பெயர் அலொக். மலொக், கலொக், ரியலொக், ஃபிரீ என்ற இன்றைய பெயர்கள் 1979 இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் நிலைபெற்றன.

வேலை செய்யும் விதம் அழகானது. வெற்றிடமாக இருக்கும் துண்டுகள் எல்லாம் ஒரு வளையமாகக் கோக்கப்பட்டிருக்கும். கோக்கும் சுட்டிகள் அந்த வெற்றிடங்களுக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் அளவு. கேட்பவருக்குப் போதுமான முதல் துண்டு கிடைத்ததும் அதை வெட்டி, வால்பகுதியைக் கொடுத்துவிடும். திரும்பி வரும்போது முகவரி வரிசையில் அதன் இடத்தைத் தேடி, இரு பக்கத்து அயலவரும் வெற்றிடமாக இருந்தால் அவற்றோடு இணைத்துப் பெரிதாக்கும். இணைக்காவிட்டால் சில்லறைத் துண்டுகள் பெருகி, மொத்தத்தில் இடமிருந்தும் யாருக்கும் பெரிய துண்டாகக் கொடுக்க முடியாத நிலை வரும். ஒதுக்கீட்டு முறைகளை 1968 இலேயே டொனால்ட் நூத் தம் பெருநூலின் முதற்பாகத்தில் ஆராய்ந்திருந்தார். இரண்டிரண்டாகப் பிளக்கும் இரட்டையர் முறையை 1965 இல் வெளியிட்ட கென்னத் நோல்ட்டன் பெல் ஆய்வுகூடத்தவர். லினக்ஸின் கரு இன்றும் நினைவகப் பக்கங்களைப் பங்கிடுவது இரட்டையர் முறையில்தான்.

இந்த இடத்தை வகுப்பில் விளக்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அப்ப அந்த இடத்த ஆரு திருப்பிக் குடுக்கிற?” நான் சொன்னேன்: “நீதான் மகள். வேற ஆருமில்ல.”

சீயின் வரலாற்றில் மிகப் பெரிய முடிவு அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் எடுத்த முடிவல்ல அது. ஜோன் மக்கார்த்தியின் லிஸ்ப் மொழி 1960 அளவிலேயே, யாரும் சுட்டாத துண்டுகளைத் தானே தேடிப் பொறுக்கிக்கொள்ளும் முறையைக் கொண்டிருந்தது. ஆனால் அதற்கு மேலதிக இடம் வேண்டும். தேடும் வேளையில் செய்நிரல் காத்திருக்கவும் வேண்டும். 24 கிலோபைற்றுக்குள் பணிசெயல் முறைமையை எழுதுபவர்களுக்கு இரண்டும் கட்டுப்படியாகாதவை. ஆகவே பொறுப்பு மனிதரிடம் வந்தது. திருப்பிக் கொடுக்க மறந்தால் நினைவகம் ஒழுகும். ஒரே துண்டை இரண்டு முறை கொடுத்தால் ஒதுக்கீட்டாளரின் கணக்கு குழம்பும். கொடுத்த பின்னும் அதைத் தொட்டால், இப்போது அங்கே இருக்கும் இன்னொருவரின் தரவைக் கெடுப்போம். எல்லையைத் தாண்டி எழுதினாலும் சீ தடுக்காது. அணியின் நீளம் அதற்கு நினைவில் இல்லை.

ஒரே கட்டடத்தில், ஒருவரையொருவர் அறிந்த சிலருக்கு இந்த நம்பிக்கை போதுமானதாக இருந்தது. வலையமைப்பு வந்ததும் நிலைமை மாறியது. 1988 நவம்பர் 2 ஆம் திகதி கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொறிஸ் ஏவிய புழு, ஃபிங்கர் என்ற சேவையின் வாசலாலும் இயந்திரங்களுக்குள் நுழைந்தது. அந்தச் சேவை வரும் வரியை 512 பைற்று கொண்ட ஓர் ஓட்டோ அணியில் வாங்கியது. வாங்கியது கெற்ஸ் என்ற சார்பு. அதற்கு அணியின் அளவு தெரியாது, எவ்வளவு வந்தாலும் எழுதும். அடுக்கில் அந்த அணிக்கு அப்பால் இருந்தது சார்பு திரும்பிப் போகவேண்டிய முகவரி. நீண்ட வரியொன்றை அனுப்பி அந்த முகவரியை மாற்றியதும், இயந்திரம் புழு சொன்ன இடத்துக்குப் போனது. டியூரிங் புதைக்கச் சொன்ன அதே முகவரி. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் செயலிழந்தன. மொறிஸின் தந்தையும் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸை உருவாக்கியவர்களோடு உழைத்தவர். கெற்ஸ் சார்பைச் சீ நியமத்திலிருந்து நீக்க 2011 வரை சென்றது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் பாதுகாப்புக் குறைபாடுகளைக் கணக்கிட்டபோது ஏறத்தாழ 70 வீதமானவை நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று அறிவித்தது.

இந்தக் கணக்கில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை இந்தத் தொடரில் எழுதியே ஆக வேண்டும் என்று முதல் இதழிலிருந்தே எண்ணியிருந்தேன்.

ரிச்சி ‘சார்’ என்று பெயரிட்டது ஒரு பைற்று. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைற்றுக்குள் அடங்கும். எழுத்தும் பைற்றும் ஒன்று என்ற எண்ணம் சீ எழுதியவர்களின் கையில் ஊறிவிட்டது. இலங்கைத் தமிழ் அச்சகங்களில் கோலோச்சிய பாமினி எழுத்துருவும் அந்த எண்ணத்துக்குள் அடங்கியே வாழ்ந்தது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது அது. சாகாமம் என்று பாமினியில் தட்டினால் கோப்பில் இருப்பது ஏழு பைற்று. முடிவைக் காட்டும் பூச்சியத்தோடு எட்டு. மலொக்கிடம் எட்டுக் கேட்டால் சரியாகப் போதும்.

யுனிகோட்டில் அதே பெயருக்கு நான்கு கணக்குகள். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து: சா, கா, ம, ம். யுனிகோட்டுக்கு ஏழு குறியீடுகள், ஏனென்றால் இரண்டு கால்களும் ஒரு புள்ளியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைற்று, ஆக 21. முடிவுப் பூச்சியத்தோடு 22. ஸ்ட்ரலென் சார்பிடம் நீளம் கேட்டால் 21 என்று சொல்லும். அந்த 21 ஐ அப்படியே மலொக்கிடம் கொடுத்துப் பெயரைப் பிரதிசெய்தால் பூச்சியம் எல்லைக்கு வெளியே விழும். அது தெரியவும் தெரியாது. இன்றைய 64 பிற்று லினக்ஸின் வழமையான ஒதுக்கீட்டாளர் இவ்வளவு சிறிய கோரிக்கைக்குத் தலைப்பும் சேர்த்து 32 பைற்றுத் துண்டாகத் தருவதால், பிழை மேலதிக இடத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அக்கரைப்பற்று என்று எழுதினால் 39 பைற்று. அதற்கு 39 மட்டும் கேட்டாலும் அப்படியே தப்பிவிடும். எட்டுக் குறியீடுகளோடு சரியாக 24 பைற்று நிரம்பும் பெயர் போன்ற ஒன்றில்தான் ஒருநாள் அது வெடிக்கும்.

பாமினிக் காலத்தில் எட்டுப் பைற்று அணி வைத்து எழுதிய செய்நிரலுக்கு யுனிகோட்டுப் பெயரைக் கொடுத்தால் பக்கத்து மாறிகள் நசுங்கும். கவனமுள்ளவர் 20 பைற்று அணி வைத்து, மிஞ்சுவதை வெட்டிவிட்டாலும் ஊர் பிழைக்காது. பூச்சியத்துக்கு ஒன்று போக 19 பைற்று. அதில் 18 பைற்றுக்குள் ‘சாகாமம’ வரை வரும். கடைசிப் புள்ளியின் மூன்று பைற்றில் ஒன்று மட்டும் உள்ளே நிற்கும். அந்த ஒற்றைப் பைற்றுக்குத் தனியே பொருள் கிடையாது. திரையில் அது கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புச் சாய்சதுரமாகத் தெரியும். படிவங்களிலும் அட்டைகளிலும் நம் ஊர்ப் பெயர்களின் வாலில் அப்படியொன்றைக் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எழுத்துருவின் குறை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது யாரோ ஒருவர் இடத்தை எண்ணிய விதத்தின் குறை.

1995 இல் கல்லூரியாகத் தோன்றி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அதன் சம்மாந்துறைப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கும் போகும் பிள்ளைகள் சீயில் முதற்செய்நிரல் எழுதும்போது, ஆங்கிலப் பெயருக்குப் பதிலாகத் தம் ஊர்ப் பெயரை உள்ளிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சேமிப்பு வகுப்பு, ஒதுக்கீடு, முடிவுப் பூச்சியம், எல்லை மீறல் எல்லாம் அந்த ஒரு பயிற்சியில் கண்ணுக்கு முன்னால் வரும்.

யூடிஎஃப்-8 ஐ வகுத்தவரும் கென் தொம்ஸன்தான். 1992 செப்டெம்பரில், ரொப் பைக்கோடு நியூ ஜேர்சி உணவகமொன்றில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, மேசைத் தட்டுத்தாளில் அதன் பிற்று அமைப்பை வரைந்தார். ஆங்கிலமல்லாத எந்த எழுத்தின் பைற்றுகளுக்குள்ளும் பூச்சியம் வராதபடி அமைத்ததுதான் அதன் வன்மை. சீயில் பூச்சியம் வந்தால் சரம் முடிந்தது என்று பொருள். ஆகவே இருபது ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்த சீ செய்நிரல்கள் தமிழைத் தம் வழியே கடத்திவிட முடிந்தது. சீயின் நினைவக மரபைத் தொடக்கி வைத்தவரே அந்த மரபுக்குள் நம் எழுத்துக்கும் வழி வெட்டினார்.

அதே தொம்ஸன் 2009 நவம்பரில் பைக்கோடும் ரொபர்ட் கிரீஸ்மரோடும் சேர்ந்து கோ மொழியை வெளியிட்டார். அதில் ஓட்டோவும் இல்லை, ஸ்டற்றிக்கும் இல்லை, ஃபிரீயும் இல்லை. சார்புக்குள் பிறந்த மாறியின் முகவரியைத் தயங்காமல் வெளியே அனுப்பலாம். அது அடுக்கில் இருப்பதா குவியலில் இருப்பதா என்பதைத் தொகுப்பான் தானே ஆராய்ந்து முடிவுசெய்யும். பாவித்து முடிந்ததை மொழியே பொறுக்கிக்கொள்ளும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இடத்தைச் சொல்லாமல் ஒரு மாறியைக்கூட அறிவிக்க விடாத மொழியை எழுதிய கை இது. இயந்திரம் வளர்ந்தபோது தம் பழைய விடையை மாற்றத் தயங்காதவர் அவர். அவரிடம் நான் மிகவும் மதிக்கும் குணம் இது.

ரிச்சி 2011 ஒக்டோபரில் காலமானார். சீயை விட்டு உலகம் இன்னும் வெளியேறவில்லை; பெரும்பாலான கையடக்கத் தொலைபேசிகளுக்குள் ஓடும் லினக்ஸின் கரு தனக்கென எழுதிய ஒதுக்கீட்டாளரோடு சீயில்தான் இருக்கிறது. 2022 டிசெம்பரில் வெளிவந்த அதன் 6.1 பதிப்பு, யார் எந்தத் துண்டுக்கு உடைமையாளர் என்பதைத் தொகுக்கும்போதே சரிபார்க்கும் ரஸ்ட் மொழிக்கு முதன்முதலாகக் கதவு திறந்தது.

அடுத்த இதழில் சீக்கு நியமம் வகுக்க 1983 இல் கூடிய அமெரிக்கக் குழுவின் கதை. சுட்டிகளைப் பற்றி அந்தக் குழு புகுத்தப் பார்த்து, 1988 இல் ரிச்சி நேரடியாக எழுதி எதிர்த்து நிறுத்திய ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)